பிரேக் சீக்கிரம் தேய்ந்துவிட்டது, வாரண்டி இல்லை என்கிறார்கள்: குமரி மாவட்டக் கார் உரிமையாளர்களுக்கான கேள்வி பதில்

புதிய கார் வாங்கி ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பிரேக் பேட் தீர்ந்துபோகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "இது தேய்மானப் பாகம், வாரண்டியில் வராது" என்று சொல்லிப் பில்லை நீட்டுகிறார்கள். அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை. எது உண்மை, எதை எதிர்த்துக் கேட்கலாம் என்று தெரியாமல் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் நம் மாவட்டத்தில் அதிகம். அவர்களுக்காகவே இந்தப் பதில்கள்.

பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர் வரை உழைக்க வேண்டும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. சாதாரணமாக ஓட்டும் சிறிய காரில் முன் சக்கரப் பேடுகள் 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை உழைப்பதைப் பார்க்கலாம். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு நால்வழிச் சாலையில் போய்வரும் கார் அதற்கு மேலும் ஓடும். தினமும் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலுக்குள் ஊர்ந்து போகிற கார் அவ்வளவு ஓடாது. புதிய பேடின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். அது 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். உங்கள் காருக்கான எல்லை கையேட்டில் இருக்கும்.

கிலோமீட்டர் எண்ணை மட்டும் வைத்து வாதாடினால் தோற்றுப்போவீர்கள். தேய்ந்த விதத்தை வைத்து வாதாடுங்கள்.

என் கார் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பேட் முழுவதும் தீர்ந்துவிட்டது. இது உற்பத்திக் குறைபாடுதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கழற்றிய நான்கு முன் பேடுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்தச் சிக்கலின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தால் பிரேக் அமைப்பு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று பொருள். அப்போது காரணம் சாலை, சுமை, ஓட்டும் விதம், அல்லது பேடின் பொருள் மென்மையாக இருப்பது. இதை வாரண்டியில் வாங்குவது கடினம்.

இடது சக்கரத்துப் பேடுகள் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, வலது சக்கரத்துப் பேடுகள் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் கதை வேறு. ஒரே கால்தான் இரண்டு சக்கரத்தையும் அழுத்துகிறது. ஓட்டுநர் இடது பக்கத்தை மட்டும் தேய்க்க முடியாது. இடது காலிப்பரின் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பிஸ்டன் முழுமையாகத் திரும்பவில்லை, அல்லது பிரேக் ஆயில் போகும் ஹோஸ் உள்ளே சுருங்கி அழுத்தத்தைத் திரும்ப விடவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரே சக்கரத்தில் உள்பேட் தீர்ந்து வெளிபேட் தடிமனாக இருப்பது மூன்றாவது வகை. பெரும்பாலான சிறிய கார்களின் காலிப்பரில் ஒரு பக்கம் மட்டும்தான் பிஸ்டன் உண்டு. அது உள்பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் 'பின்' எனப்படும் இரண்டு கம்பிகளின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிபேடையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின்களில் கிரீஸ் வறண்டாலோ, ரப்பர் உறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் புகுந்தாலோ காலிப்பர் நகராது. பிறகு ஒரு பேடே எல்லா வேலையையும் செய்யும். பேட் ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் ஆப்பு போல இருந்தாலும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

இந்தக் கடைசி இரண்டு வகையிலும் பேட் தேய்ந்தது விளைவு மட்டுமே. பழுது காலிப்பரில், பின்னில், ஹோஸில் இருக்கிறது. காலிப்பரும் ஹோஸும் பொதுவாகத் தேய்மானப் பாகப் பட்டியலில் வருவதில்லை.

வாரண்டி புத்தகத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

கார் வாங்கும் நாளில் பையில் போட்டுக் கொடுத்த அந்தப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் வாசகம் இரண்டு பகுதிகளாக இருக்கும். முதல் பகுதி, பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் அந்தப் பாகத்தை இலவசமாகச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்கிறது. இரண்டாம் பகுதி விலக்குப் பட்டியல். பிரேக் பேட், ஷூ (டிரம் பிரேக்கில் பேடின் வேலையைச் செய்வது), கிளட்ச் தட்டு, வைப்பர், டயர் எல்லாம் அதில் இருக்கும். சில புத்தகங்களில் டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்திருக்கும்.

இந்த விலக்கு பெரும்பாலும் இயல்பான தேய்மானத்துக்குத்தான். சில புத்தகங்களில் அதை வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். "இயல்பான" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து அடிக்கோடிடுங்கள். இடது பக்கம் மட்டும் தீர்ந்த பேட் இயல்பாகத் தேய்ந்ததல்ல. கவுண்டரில் யாரும் அந்தச் சொல்லை உங்களுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

"நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

முதலில் அது உண்மையா என்று நேர்மையாகப் பாருங்கள். பிரேக் மிதியின் மேல் எப்போதும் லேசாகக் கால் வைத்திருப்பவர்கள் உண்டு. ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இறக்காமல் ஓட்டுபவர்களும் உண்டு. இரண்டும் தேய்மானத்தைக் கூட்டும். ஹேண்ட்பிரேக் பின் சக்கர ஷூவைத்தான் தின்னும். முன் பேட் தேய்ந்ததற்கு ஹேண்ட்பிரேக்கைக் காரணம் காட்டினால் அந்த விளக்கம் பொருந்தாது.

உங்கள் மனத்துக்கு அந்தக் குற்றச்சாட்டு சரியாகப் படவில்லை என்றால் அதையே எழுத்தில் கேளுங்கள். "எந்தச் சக்கரத்தில், எந்தப் பேட், எத்தனை மில்லிமீட்டர், காலிப்பர் பின்னும் பிஸ்டனும் சோதிக்கப்பட்டனவா" என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். வாயால் உறுதியாகச் சொன்னவர்கள் எழுதும்போது தயங்குவதைப் பார்ப்பீர்கள். எழுத மறுத்தால் அன்றே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, என்ன கேட்டீர்கள், என்ன மறுத்தார்கள் என்று பதிவு செய்யுங்கள்.

வீடு கடற்கரைக்குப் பக்கம். உப்புக்காற்றுதான் காரணம் என்கிறார்கள். அது சரியா?

பாதி சரி. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இரவு முழுவதும் வெளியே நிற்கும் காரின் டிஸ்க்கில் காலையில் செந்துரு படிந்திருக்கும். முதல் சில பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்து தானாகவே போய்விடும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் அதே உப்பும் ஈரமும் காலிப்பர் பின்னுக்குள் போனால் அது இறுகிவிடும்.

அந்தப் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது யார் வேலை? உங்கள் பழைய சர்வீஸ் பில்களை எடுத்துப் பாருங்கள். "பிரேக் கிளீனிங்" என்று ஒரு தொகை வாங்கியிருப்பார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் அதற்குப் பணம் வாங்கியவர்கள், பிறகு காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று கடலின் மேல் பழி போட முடியாது. அது உற்பத்திக் குறைபாடாக இல்லாவிட்டாலும் சேவைக் குறைபாடு. நுகர்வோர் சட்டத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. என் கருத்தில் நம் மாவட்டத்துக் கார்களுக்கு இதுதான் மிக வலுவான வாதம். பலர் இதைக் கையில் எடுப்பதே இல்லை.

எஸ்டேட் சாலை, மலைச் சாலையில் ஓட்டுகிறேன். வாரண்டி கேட்கும் உரிமை குறைந்துவிடுமா?

உரிமை குறையாது, தேய்மானம் கூடும். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. செம்மண் சேறு சக்கரத்துக்குள் புகுந்து காய்ந்து, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அரைக்கும். மழைக்காலத்தில் ஓட்டிவிட்டு வந்ததும் சக்கரத்தின் உட்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஆனால் மலை இறங்கிய சூட்டோடு கழுவாமல் டிஸ்க் ஆறிய பிறகு கழுவுங்கள்.

இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். தானியங்கி கியர் உள்ள கார் வைத்திருப்பவர்கள் 'டி' (D) நிலையில் போட்டுவிட்டு முழு இறக்கத்தையும் பிரேக்கிலேயே இறங்குகிறார்கள். அந்தக் காரிலும் 'எல்' (L) நிலையோ கைமுறை நிலையோ இருக்கும். அதைப் பயன்படுத்தினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பேட் மிச்சமாவதைவிட முக்கியமான காரணம் இதற்கு உண்டு. பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரை வரை போகும், கார் நிற்காது. ஆயிலைக் கையேட்டில் சொன்ன காலத்தில், வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றிவிடுங்கள்.

வளைகுடாவில் வேலை செய்கிறேன். கார் ஆண்டில் பத்து மாதம் வீட்டில் நிற்கிறது. ஓடாத காரில் பிரேக் எப்படிப் போகும்?

ஓடாததால்தான் போகிறது. ஹேண்ட்பிரேக் இழுத்தபடி மாதக்கணக்கில் நின்றால் பின் சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் எடுக்கும்போது 'டக்' என்று பிய்ந்து வரும், சில நேரம் ஷூவின் உராய்வுப் பட்டையே உரிந்து வரும். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கியே வையுங்கள். வாரம் ஒருமுறை யாரையாவது சில கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: வாரண்டிக் காலம் காரை உங்களிடம் ஒப்படைத்த நாளில் தொடங்கிவிடும். கிலோமீட்டர் 6,000தான் ஆகியிருந்தாலும் ஆண்டு முடிந்தால் வாரண்டி முடிந்தது. சர்வீஸும் அப்படித்தான், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆண்டுக் கணக்கில் செய்ய வேண்டும். அதைத் தவறவிட்ட காரணத்தைச் சொல்லி மறுப்பது அவர்களுக்கு மிக எளிது.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார்கள்.

டிஸ்க் அவ்வளவு எளிதில் வளையாது. பெரும்பாலும் அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிட்டிருக்கும். சக்கர போல்ட்டுகளைக் காற்றழுத்தத்தில் இயங்கும் இறுக்கும் கருவியால் தாறுமாறாக இறுக்குவது ஒரு காரணம், நீண்ட நாள் நின்று பேட் படிந்த இடத்தில் துருப்பிடிப்பது மற்றொன்று. சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே நடுக்கம் வந்தால் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம் என்பார்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போனால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

காரை விடும் முன்பும், பேடைக் கழற்றும்போதும் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

ஜாப் கார்டில் புகாரை உங்கள் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். "பிரேக் செக்" என்று அவர்கள் சுருக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "முன் இடது சக்கரம் ஓடி வந்ததும் அதிகச் சூடாக இருக்கிறது, தீய்ந்த வாடை வருகிறது, கார் ஒரு பக்கம் இழுக்கிறது" என்பது போல நீங்கள் கவனித்தது அப்படியே இருக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். பேடுகளைக் கழற்றியதும் இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று மார்க்கரால் எழுதி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கிலோமீட்டர் மீட்டர், பதிவு எண் இரண்டும் தெரியும் படம் ஒன்றும் வேண்டும். காலிப்பர் பின்னை இழுத்து, நகர்கிறதா இறுகி நிற்கிறதா என்று வீடியோ எடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பழைய பேடுகளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றினால் பழையது உங்களுடையது. வாரண்டியில் மாற்றினால் நிறுவனம் வைத்துக்கொள்வது வழக்கம். அப்போது படங்கள் போதும்.

பழைய பேட் குப்பைக்குப் போய்விட்டால் வழக்கும் அதோடு போய்விட்டது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. பேட் இல்லாமல் எந்த நிபுணரும் கருத்துச் சொல்ல முடியாது.

வெளியில் உள்ள மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடுமா?

காட்டுவதால் போகாது. வாரண்டிக் காலத்தில் பாகத்தைக் கழற்றி மாற்றுவதுதான் தகராறைக் கிளப்பும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்தால் முழு வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, தவறான பழுது பார்ப்பால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொன்னது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. எனவே அதை ஒரு நல்ல வாதமாகப் பயன்படுத்துங்கள், முழுப் பாதுகாப்பாக நம்பிவிடாதீர்கள். வாரண்டி இருக்கும்வரை பிரேக்கை வெளியில் கழற்றாமல் இருப்பதே நல்லது. ஊர் மெக்கானிக்கிடம் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லலாம். கையால் சுற்றும்போது ஒரு சக்கரம் மட்டும் இறுகி நின்றால் அது உங்களுக்குப் பெரிய தடயம்.

நீட்டிக்கப்பட்ட வாரண்டி, காப்பீடு இவற்றில் கிடைக்குமா?

தேய்மானத்துக்கு இரண்டிலும் கிடைக்காது. காலிப்பர் போன்ற பாகம் பழுதானால் நீட்டிக்கப்பட்ட வாரண்டியில் வரலாம், ஒப்பந்தத்தைப் படியுங்கள். 2021 நவம்பர் வெள்ளம் போல கார் தண்ணீரில் மூழ்கிப் பிரேக் கெட்டால் அதற்குக் காப்பீட்டைத்தான் நாட வேண்டும்.

மறுத்துவிட்டார்கள். அடுத்து எங்கே போவது?

முதலில் நிறுவனத்துக்கும் டீலருக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். என்ன பழுது, எந்தத் தேதி, என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளில் என்பது ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை. அங்கே தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோவார்கள். சிறு தொகை விவகாரங்கள் பல அங்கேயே முடிந்துவிடுகின்றன.

அதிலும் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எதிர்தரப்பு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், அதிகபட்சமாக மேலும் 15 நாள் கிடைக்கும். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் ஆகும், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாகத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேட்கலாம். அதற்கு முன்பே, உரிமம் பெற்ற வாகன சர்வேயரிடமோ, ஆட்டோமொபைல் துறை உள்ள கல்லூரிப் பேராசிரியரிடமோ எழுத்தில் ஒரு கருத்து வாங்கி இணைத்தால் மனு வலுவாக இருக்கும்.

காரைத் திருவனந்தபுரத்தில் வாங்கினேன். வழக்கையும் அங்கேதான் போட வேண்டுமா?

வேண்டாம். பழைய சட்டத்தில் இருந்த அந்தத் தொல்லை இப்போது இல்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம். மார்த்தாண்டத்தில் வீடு இருந்தால் நாகர்கோவில் ஆணையமே போதும். எல்லை தாண்டிப் போய் வாங்குகிறவர்கள் நிறைய உள்ள மாவட்டம் நம்முடையது. டீலர் "எங்கள் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும் அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்லலாமா?

பிரேக் பேடுக்காகக் கேட்காதீர்கள். மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தரும் கடமைதான், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்ற நிலையை எடுத்தது. காலிப்பரை இலவசமாக மாற்றுவது, பேடுக்கும் டிஸ்க்குக்கும் கட்டிய பணம், அலைச்சலுக்கு நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு. இவ்வளவு கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. லட்சக்கணக்கில் கேட்டு மனுவை ஊத வைத்தால் உண்மையான குறையும் பெரிதுபடுத்தியதாகத் தோன்றிவிடும்.

கன்னியாகுமரியில் சுற்றுலா டாக்சி ஓட்டுகிறேன். நான் நுகர்வோர் ஆவேனா?

சொந்தக் காரை நீங்களே ஓட்டிப் பிழைப்பு நடத்தினால் ஆவீர்கள். சுயதொழில் மூலம் வாழ்க்கை நடத்துவதற்காக வாங்கியது வணிக நோக்கமாகாது என்று சட்டமே சொல்கிறது. பல கார்களை ஆள் வைத்து ஓட்டினால் கதை மாறும். வணிகப் பதிவுள்ள காருக்கு வாரண்டிக் காலமே குறைவாக இருக்கலாம், வாங்கும்போதே கேளுங்கள்.

அதே மாடல் வைத்திருக்கும் பலருக்கும் இதே சிக்கல். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த பிரிவின்படி, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க நிறுவனத்துக்கு அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் நடப்பில் உள்ளன. அரசின் 'வாகன்' (Vahan) இணையத்தளத்தில் உரிமையாளர்கள் குறையைப் பதிவு செய்யலாம். தனித்தனியாக மெக்கானிக் கடையில் புலம்பினால் யார் காதிலும் விழாது. ஒரே மாடல், ஒரே பக்கம், ஒரே மாதிரித் தேய்மானம் என்று பலர் பதிவு செய்யும்போது ஓட்டும் விதத்தைக் காரணம் சொல்ல முடியாமல் போகிறது.

தகராறு முடியும்வரை அதே பேடோடு காரை ஓட்டி, அப்படியே சான்றாக வைத்திருக்கலாமா?

கூடாது. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்ட பிறகு அந்தக் காரில் குழந்தைகளை ஏற்றிச் செல்லாதீர்கள். படம் எடுத்து, அளந்து, எழுத்தில் தெரிவித்து, உடனே மாற்றிவிடுங்கள். பில்லில் கையெழுத்திடும்போது "என் வாரண்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல், பாதுகாப்புக்காக மட்டும் பணம் செலுத்துகிறேன்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். பணம் கட்டியதால் உரிமை போய்விடாது. பழைய பேடுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, ஜாப் கார்டு நகலோடு கட்டி வையுங்கள்.